நாற்பத்தொன்றாவது வரி

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு அக்கா பேருந்திலிருந்து அனுப்பியது இரண்டே வாக்கியம்.

"41-ஆவது வரி தப்பு. ஏன்னு நேர்ல சொல்றேன்."

சின்னவன் அப்போது அலுவலகத்தில் பையை மூடிக்கொண்டிருந்தான். பதினோரு நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுதிய கணினி நிரல். எதையும் பாராட்டாத ஆட்களே பாராட்டியிருந்தார்கள். குறை சொல்வதையே வேலையாக வைத்திருந்த அக்கா மட்டும் இப்படி. அவன் கைபேசியில் ஒரு கேள்விக்குறியை அனுப்பினான்.

உடனே பதில் வந்தது. "நாளைக்கு. நேர்ல. பஸ்ல தனியா சிரிச்சிட்டிருக்கேன், பக்கத்து சீட்டு அம்மா நகர்ந்து உக்கார்றாங்க."

அவனுக்குச் சுருக்கென்றது. சிரிக்கிறாளாம். அதற்கு அவன் பதில் போடவில்லை. நாளைக்குத்தான் பார்க்கப் போகிறோமே என்று கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு, பேருந்து நிறுத்தத்தில் வரிசையில் மூன்றாவதாக நின்றிருந்தவள், தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

இந்தக் குடும்பத்தோடு சில வாரங்களாக நடந்து வருபவர்களுக்கு மருத்துவமனை வராந்தாவும், அதன் பிறகு வந்த நாட்களும் மறந்திருக்காது. இன்றுதான் உள்ளே வருகிறவர்களுக்கு இவ்வளவு போதும்: அக்காவும் தம்பியும் ஒரே அலுவலகம். அக்காவின் கணவர் தையற்காரர், சட்டை தைப்பதில் பேர் எடுத்தவர். அம்மா மகள் வீட்டோடு இருக்கிறாள். குழந்தைகள் இல்லை. இன்றைக்கு இருபத்தாறாவது நாள்.

*

"உக்காரு," என்றார் மேலாளர் அம்மாள்.

சின்னவன் உட்கார்ந்தான். மேசை மேல் ஒரு படிவம் இருந்தது. ஒரே பக்கம். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"உன்னைவிட்டு இதைக் கேக்கறது எனக்கே நல்லா இல்லை," என்றார் அவர். "ஆனா வேற ஆள் போய் நின்னா உங்க வீட்ல இன்னும் கஷ்டம்னு தோணிச்சு."

அலுவலகக் கணினியில் அக்காவின் கணக்கை மூடுவதற்கான படிவம் அது. நெருங்கிய உறவினர் கையெழுத்துப் போட வேண்டும்.

"இப்பவே எதுக்கு மேடம்?"

"உன் வேலைக்காகத்தான். அந்த நாற்பத்தொண்ணாவது வரிக்கு அவங்க போட்ட தடை இன்னும் நிக்குது. தடை போட்டவங்கதான் எடுக்கணும். அவங்க எடுக்க முடியாது. கணக்கை மூடினா, அவங்க போட்டதெல்லாம் தானா விழுந்துடும். கையெழுத்து இருந்தா இன்னிக்கே மூடலாம். இல்லைன்னா முப்பதாவது நாள், வெள்ளிக்கிழமை, அதுவே மூடிக்கும்."

"அப்ப வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கட்டுமே."

"இன்னிக்கு நாலு மணிக்கு மென்பொருளோட இந்தப் பதிப்பு மூடுது. விட்டா அடுத்தது மூணு மாசம் கழிச்சு. உன் பேர்ல முதல் பெரிய வேலை." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாலு பேர் பார்த்தாச்சுப்பா. அந்த வரியில ஒண்ணும் இல்லை."

ஒன்றும் இல்லைதான். அதுதான் அவனை இருபத்தாறு நாளாகத் தின்றுகொண்டிருந்தது.

அவர்கள் அலுவலகம் பூட்டு செய்கிற அலுவலகம். இரும்புப் பூட்டு அல்ல; கடிதங்களுக்கும் மருத்துவக் குறிப்புகளுக்கும் கணினி போடுகிற பூட்டு. அந்தப் பூட்டுக்குச் சாவி ஒரு பெரிய எண். அறுநூறு இலக்கம் இருக்கும். யாராலும் முன்கூட்டி ஊகிக்க முடியாதபடி, குலுக்கிப் போட்டதுபோல அது விழ வேண்டும். எல்லா எண்ணுக்கும் விழ ஒரே அளவு வாய்ப்பு இருக்க வேண்டும். அதில் ஓர் எண்ணுக்குக்கூடச் செல்லம் கொடுக்கக் கூடாது.

பழைய நிரல் அந்த எண்ணைத் துளித்துளியாகச் சேர்த்தது, ஒரே ஒரு நாணயத்தை இரண்டாயிரம் முறை சுண்டிப் போடுவதுபோல. சின்னவன் அதை மாற்றி, கை நிறைய நாணயத்தை அள்ளி ஒரே வீச்சில் போட வைத்தான். ஆயிரம் எண் எடுக்க ஒன்பது விநாடி ஆனது. இப்போது முக்கால் விநாடி. ஒவ்வொரு எண்ணும் கேட்ட எல்லைக்குள் வருகிறதா என்று பத்து லட்சம் தடவை சோதித்தான். ஒன்றுகூடத் தாண்டவில்லை.

நாற்பத்தொன்றாவது வரி, வேலை முடிந்ததும் தற்காலிக இடத்தைத் துடைத்துவிடுகிற வரி. சாப்பிட்ட இடத்தை ஈரத் துணியால் துடைப்பதுபோல, அவ்வளவுதான். அதைப் பதினோரு விதமாக எழுதிப் பார்த்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். கடைசியில் பழையபடியே வைத்தான். அலுவலகத்தில் அதைப் பார்த்த மூவரும் மேலாளரும் அதே வரியைத்தான் முறைத்தார்கள். விரல் நீட்டப்பட்ட இடத்தைத் தவிர வேறு எங்கும் கண் போகவில்லை.

அக்கா இருந்திருந்தால் அரை நிமிஷ வேலை. அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. சின்னக் குறையை எழுத்தில் கிண்டலடிப்பாள். பெரிய குறையை எழுதவே மாட்டாள். "தப்பை எழுதி வச்சா பத்து வருஷம் நிக்கும். ஊர் சிரிக்கும். வாயால சொன்னா டீ ஆறறதுக்குள்ள போயிடும்," என்பாள். தடையை மட்டும் போட்டுவிட்டு, மறுநாள் ஆளைத் தனியாகக் கூப்பிட்டுக் காரணம் சொல்வாள். அந்த நல்ல குணம் இப்போது அவர்கள் எல்லோர் கழுத்திலும் சுருக்காக விழுந்திருந்தது.

"நான் கொண்டுபோய் வாங்கிட்டு வரேன் மேடம்," என்று படிவத்தை எடுத்துக்கொண்டான். இதைவிட அவனால் வேறு என்ன சொல்ல முடியும்?

*

அத்தானின் கடை ஒரு மருந்துக் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில் இருந்தது. ஒற்றை அறை. ஒரு நீள மேசை, இரண்டு தையல் இயந்திரம், சுவர் நெடுக ஆணிகள். ஆணிகளில் காகிதத்தில் வெட்டிய காலர்களும் கைகளும் கஃப்புகளும் கொத்துக் கொத்தாகத் தொங்கின.

கடையை மறுபடி திறந்து பத்து நாள்தான் ஆகிறது. அத்தான் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சுண்ணக்கட்டியால் துணியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

"வா மாப்ளே. அந்த ஸ்டூல்ல ஊசி இருக்கும், பார்த்து உக்காரு. ஆஃபீஸ் இல்லை?"

"ஆஃபீஸ் வேலையாத்தான் வந்தேன் அத்தான்."

படிவத்தை மேசை மேல் வைத்தான். விளக்கிச் சொல்ல வழியெல்லாம் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தான். அத்தான் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, கையைத் தொடையில் துடைத்துக்கொண்டார்.

"எங்க போடணும்?"

"படிச்சுப் பாருங்க அத்தான் முதல்ல."

"படிச்சா கை வராது." காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தார். "இருபத்தாறு நாள்ல பதினெட்டு கையெழுத்து போட்டாச்சு. ஆஸ்பத்திரியில நாலு. பேங்க்ல அஞ்சு. எதையும் படிக்கலை. படிச்சிருந்தா இன்னும் முதல் தாள்லயே நின்னிருப்பேன். இந்தக் கோட்டுலயா?"

"ஆமா."

போட்டார். தையற்காரருக்கு நேர்கோடு கைவந்தது. ஆனால் கையெழுத்து கோட்டை விட்டு மேலே ஏறியது.

"இது என்னன்னு நானே கேக்கறேன் இப்ப. போட்டாச்சு, இனி பயமில்லை. சொல்லு."

சின்னவன் சொன்னான். அவளுடைய கணக்கு மூடும். அவள் போட்ட தடை விழும். அவனுடைய வேலை உள்ளே போகும்.

அத்தான் பேனாவை மறுபடி காதில் செருகிக்கொண்டார். "உன் வேலையை அவ நிறுத்தி வச்சிருந்தாளா?"

"ஆமா. தப்புன்னு சொன்னா. ஏன்னு சொல்லலை."

"தப்பாத்தான் இருக்கும்."

"நாலு பேர் பார்த்துட்டாங்க அத்தான்."

"நான் அவகூட பதினாலு வருஷம் குடும்பம் பண்ணியிருக்கேன். நாலு பேரைவிட எனக்குத் தெரியும். ஒரு நாள் நான் தச்ச சட்டையை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டு, எடது கை அரை இஞ்ச் ஏறியிருக்குங்கறா. அளந்து பார்த்தேன். சரியா அரை இஞ்ச். அன்னிக்கெல்லாம் நான் அவகூட பேசலை." சிரிக்கப் பார்த்தார். முகம் பாதி வழியில் நின்றுவிட்டது. "அப்புறம் பேசாம இருந்த அந்த நாளை நினைச்சா இப்ப..."

முடிக்காமல் துணிப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சின்னவன் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். எழுந்து போயிருக்கலாம். ஆணியில் தொங்கிய காகிதங்களைச் சும்மா தள்ளித் தள்ளிப் பார்த்தான். எல்லாமே அக்கா அலுவலகத்தில் அச்செடுத்த தாள்கள். அவள் நிரலைத் திரையில் படிக்க மாட்டாள். தாளில் எடுத்துக்கொண்டு, பேருந்தில் சிவப்புப் பென்சிலோடு படிப்பாள். படித்து முடித்த கட்டு கடைக்கு வந்துவிடும். அளவு விசித்திரமான வாடிக்கையாளர் வந்தால், அத்தான் துணியைத் தொடும் முன் அதில்தான் வெட்டிப் பார்ப்பார். காலர்களின் பின்பக்கமெல்லாம் நிரல் வரிகள். யாரோ எழுதியது, யாருடைய கழுத்துக்கோ.

நடு ஆணியில் எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அகலக் காலர். தாள் இன்னும் பழுக்கவில்லை. இடது ஓரத்தில் வரி எண்கள். 39, 40, 41.

நாற்பத்தொன்றைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"அத்தான், இது எப்ப வெட்டினது?"

"அதுவா? போன வாரம். கழுத்தே இல்லாத மனுஷன் ஒருத்தர் வந்தார்." பார்த்துக்கொண்டே வந்தவர், காகிதத்தின் அருகில் வந்ததும் நின்றார். "எப்பவும் வைக்கிற எடத்துல ஒரு கட்டு இருந்தது. எடுத்து வெட்டினேன்."

"ஆஸ்பத்திரியில குடுத்த பையில இருந்தது இது. முந்தின நாள் சாயங்காலம் பஸ்ல வச்சுப் படிச்சது."

"அத்தை பையைக் காலி பண்ணி எடுத்து வச்சிருப்பாங்க." அத்தானின் கை, நாடாவின் இரு முனையையும் சேர்த்துப் பிடித்தது. "கை பழக்கம் மாப்ளே. பேப்பர் இருந்தா கத்திரிக்கோல் போயிடுது. அது கடைசிக் கட்டுன்னு... நான் யோசிக்கவே இல்லை."

"விடுங்க அத்தான்."

"அவ எழுதினதை வெட்டிட்டேனே."

"எழுதலை. அவ எழுத மாட்டா." தாளை ஆணியிலிருந்து எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான்.

காலரின் வளைவு வரியின் பாதியைத் தின்றிருந்தது. ஆனால் மிஞ்சியிருந்த தொடக்கம் துடைக்கிற வரியின் தொடக்கம் அல்ல.

அப்போதுதான் நினைவு வந்தது. அந்தச் செவ்வாய் மாலை ஆறு பத்துக்கு அவள் வேறொரு கிண்டலும் அனுப்பியிருந்தாள். "மேல ஏழு வரிக்கு சொற்பொழிவு எழுதியிருக்கே. வெட்டு." நிரலின் தலையில் அவன் எழுதியிருந்த விளக்கக் குறிப்பு அது. கேட்ட இரண்டாவது நிமிஷம் வெட்டிவிட்டான். அவசரம், வீட்டில் அவனுக்கு அக்கா வைத்த பெயரே அதுதான். வெட்டியதும் கீழே இருந்த எல்லா வரிகளும் ஏழு படி மேலே ஏறின. அவள் பேருந்தில் பழைய தாளைப் பார்த்துக்கொண்டு, கைபேசியில் பழைய எண்ணைத் தட்டியிருக்கிறாள். நிரலைச் சரிபார்க்க அலுவலகம் வைத்திருந்த அரதப் பழசான ரிவ்யூ கருவிக்கு வரி தெரியாது. எண் மட்டும்தான் தெரியும். ஆட்சேபம் அந்த எண்ணில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் சொன்னது இப்போதைய முப்பத்துநான்காவது வரியை. இருபத்தாறு நாளாக அவர்கள் எல்லோரும் ஒரு பாவப்பட்ட வரியை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் முப்பத்துநான்கில்தான் என்ன தப்பு? வட்டத்தின் பக்கத்தில் அவள் எழுத்தில் ஒன்றும் இல்லை. ஒரு சின்னச் சதுரம் மட்டும். அதற்குள் ஆறு புள்ளி.

*

அம்மா பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். மகள் போன பிறகும் மருமகனுக்குச் சாப்பாடு கொண்டுவருவதை அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் நண்பகலில் செய்ய அவளுக்கு வேறு வேலை இல்லை.

"நீ எங்கடா இங்க? வேலையை விட்டுட்டியா?"

"கையெழுத்து வாங்க வந்தேம்மா."

"எதுக்கு?"

அவன் மென்று விழுங்கினான். அத்தான்தான் சொன்னார், துணியைப் பார்த்துக்கொண்டே. "ஆஃபீஸ்ல அவ கணக்கை மூடறாங்க அத்தை."

அம்மா தூக்கை மேசையில் வைத்தாள். மூடியை ஒரு தடவை அழுத்திவிட்டாள்.

"எல்லாரும் மூடியாச்சு. அவங்க மட்டும்தான் பாக்கி இருந்தாங்களா?" பிறகு மகனைப் பார்த்தாள். "அதுக்கு உன்னையேவா அனுப்பினாங்க? நீயும் சரின்னு வாங்கிட்டு வந்தியா?"

அம்மாவின் பார்வை அவன் கையிலிருந்த காலரில் விழுந்தது. மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கிட்டே வந்தாள்.

"இது அவ போட்டதா?"

"ஆமா. சிவப்புப் பென்சில் அவதான். இந்தக் கட்டம் என்னன்னு தெரியலை."

"தெரியலையா உனக்கு?" அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பாத்திரக் கட்டைடா. ஆறு."

"என்ன ஆறு?"

"என்ன ஆறா. உன் ஆறு." அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள், ஊசியை எடுத்து அத்தானிடம் கொடுத்துவிட்டு. "அப்ப உனக்கு ஏழு வயசு. வீட்ல அஞ்சு பேர். அப்பா, நான், சித்தப்பா, நீங்க ரெண்டு பேர். ராத்திரி பாத்திரம் யார் தேய்க்கறதுன்னு தினம் சண்டை. அவதான் பகடைக்கட்டையைக் கொண்டுவந்து, எல்லாருக்கும் நம்பர் குடுத்தா. தனக்கு ஒண்ணு. எதுலயும் முதல்ல நிக்கணும் அவளுக்கு. விழற நம்பர்காரங்க தேய்க்கணும். கட்டையில ஆறு பக்கம், ஆள் அஞ்சு. ஆறு விழுந்தா?"

"திரும்பப் போடணும்," என்றார் அத்தான், பள்ளிக்கூடப் பிள்ளைபோல.

"அதுதான் அவ சொன்னது. இவன் ஒத்துக்கலை. திரும்பப் போடறது நேரம் வேஸ்ட்டு, ஆறுல அஞ்சு போனா ஒண்ணு, ஒண்ணுக்கே குடுத்துடலாம்னான். கணக்குல புலின்னு சித்தப்பா தட்டிக் குடுத்தார். எல்லாருக்கும் தூக்கம். சரின்னுட்டோம்."

அம்மாவின் வாய் ஓரம் இழுத்தது.

"ரெண்டு மாசம். அவ காலண்டர்ல தினம் குறிச்சுட்டு வந்து எங்க முன்னாடி விரிச்சா. நாங்க நாலு பேரும் ஆளுக்குப் பத்து நாள். அவ இருபது நாள். இது என்னடா நியாயம்னு உன்னைப் பார்த்து அழுதா. கட்டையில மத்த நாலு பேருக்கும் ஒரு பக்கம்தான், எனக்கு மட்டும் ரெண்டு பக்கம்னு அப்பாகிட்ட போய் நின்னா. அப்புறம்தான் பழையபடி, ஆறு விழுந்தா திரும்ப."

அம்மா சிரித்தாள். இருபத்தாறு நாளில் முதல் தடவை. சத்தமே வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. அது எங்கே சிரிப்பாக நின்றது, எங்கே வேறாக மாறியது என்று பார்த்துக்கொண்டிருந்த இருவருக்கும் தெரியவில்லை. அத்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

சின்னவன் காலரைப் பிடித்தபடி நின்றான்.

முப்பத்துநான்காவது வரி. அள்ளி வீசிய எண் எல்லையைத் தாண்டி விழுந்தால், பழைய நிரல் அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் திரும்பப் போடும். அவனுடையது எறியாது. நேரம் வீணாகுமே. எல்லையைக் கழித்துவிட்டு, மிச்சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆறுக்கு ஒன்று. எல்லாம் எல்லைக்குள்தான் வந்தது, பத்து லட்சம் தடவையும். ஆனால் அடியில் உள்ள எண்கள் மற்றவற்றைப்போல இரண்டு மடங்கு வந்துகொண்டிருந்தன. எத்தனை தடவை வருகிறது என்று அவன் எண்ணவே இல்லை. காலண்டரில் குறித்துவைக்க வீட்டில் ஒருத்திதான் இருந்தாள்.

பூட்டை உடைக்க நினைப்பவனுக்கு, எந்த எண் செல்லப்பிள்ளை என்று தெரிந்தால் போதும்.

பேருந்தில் எதற்குச் சிரித்தாள் என்று இப்போது தெரிந்தது. முப்பது வருஷம் கழித்தும் அதே பயல், அதே ஆறு. இதை எழுத்தில் எப்படிச் சொல்வாள்? நேரில், முகத்தைப் பார்த்து, டீ ஆறுவதற்குள்.

"என்னடா பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" என்றாள் அம்மா.

"அவ சரியாத்தான் சொல்லியிருக்காம்மா."

"அதைச் சொல்ல இவ்வளவு நேரமா?" என்றார் அத்தான்.

*

மூன்று ஐந்துக்கு அலுவலகத்தில் உட்கார்ந்தான். முப்பத்துநான்காவது வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு வரி வைத்தான்: தாண்டினால் திரும்பப் போடு. ஒன்று போய் ஒன்று வந்ததால் மற்ற வரிகள் நகரவில்லை. பிறகு எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், எது எத்தனை தடவை விழுகிறது என்று எண்ணுகிற ஒரு சோதனையை எழுதினான். முக்கால் விநாடி ஒன்றேகால் விநாடி ஆனது.

மேலாளர் அம்மாள் அவன் பின்னால் நின்று முழுவதையும் பார்த்தார். நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நாலு பேர் பார்த்தோமே."

"நாற்பத்தொண்ணைப் பார்த்தோம் மேடம்."

"இது வெளியே போயிருந்தா..." தலையை ஆட்டிக்கொண்டார். "சரி. திருத்தியாச்சு. இனி அந்த ஆட்சேபத்துக்கு வேலை இல்லை. படிவம் குடு. அஞ்சு நிமிஷத்துல மூடிடறேன், நாலுக்குள்ள உள்ள போயிடும்."

சட்டைப் பையில் மடித்த தாள் நெஞ்சில் குத்தியது.

"மேடம், அவ வேற எத்தனை இடத்துல தடை போட்டிருக்கா?"

அவர் திரையில் பார்த்தார். "பதினாலு. உன்னது போக."

"எல்லாத்துலயும் காரணம் எழுதியிருக்காளா?"

மேலாளர் கீழே உருட்டினார். உருட்டிக்கொண்டே போனவர் மெதுவானார். "அஞ்சுல இருக்கு. மத்த ஒன்பதுல..."

"'நேர்ல சொல்றேன்'னு மட்டும் இருக்கா?"

"ஆமா."

பக்கத்து மேசையில் யாரோ தும்மினார்கள்.

"கணக்கை மூடினா ஒன்பதும் விழுந்துடும்," என்றான் அவன்.

"மூடாட்டியும் வெள்ளிக்கிழமை விழுந்துடும். அது என் கையில இல்லை. மேலேயும் கேட்டுப் பார்த்துட்டேன், விதியை மாத்த மாட்டாங்க." அவர் குரலில் கண்டிப்பு இல்லை. "நாலு நாள்ல அந்த ஒன்பதுக்கும் காரணம் எப்படிக் கண்டுபிடிப்பே? யார்கிட்ட கேப்பே?"

அந்தச் சின்னச் சதுரம் அவனுக்குப் போட்டது; அதைப் படிக்க அம்மா இருந்தாள். மற்ற ஒன்பது பேருக்கும் அவள் என்ன போட்டிருப்பாள்? போட்ட தாள் யாருடைய கழுத்தளவில் வெட்டுப்பட்டிருக்கும்?

"படிவம்?" என்றார் மறுபடியும், கையை நீட்டி.

"கையெழுத்து ஆகலை மேடம்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம் அவனுக்கு. அவர் அதைப் பார்த்தார். சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த வெள்ளை மடிப்பையும் பார்த்தார். நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"உன் வேலை மூணு மாசம் தள்ளிப்போகும்."

"போகட்டும்."

"வெள்ளிக்கிழமை நான் ஒண்ணும் பண்ண முடியாது. தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

நாலு மணிக்குப் பதிப்பு மூடியது. அறையின் கோடியில் நாலைந்து பேர் சம்பிரதாயத்துக்குக் கைதட்டினார்கள்.

நாலேகாலுக்கு அத்தானிடமிருந்து அழைப்பு.

"மாப்ளே, எல்லா ஆணியும் இறக்கிப் பார்த்துட்டேன். அந்தக் கட்டுலேருந்து இன்னும் மூணு வெட்டியிருக்கேன். கஃப் ரெண்டு, முதுகு ஒண்ணு. கஃப்ல சிவப்பு வட்டம் இருக்கு. பக்கத்துல குடை மாதிரி என்னமோ போட்டிருக்கா. குடைன்னா உங்க ஆஃபீஸ்ல யாருக்காவது ஏதாவது புரியுமா?"

"கேட்டுப் பாக்கறேன் அத்தான். முதுகு?"

"அதுதான் இங்க இல்லை. பட்டனுக்குக் காஜா போடற அம்மா சாம்பிளுக்குன்னு கேட்டாங்க, குடுத்துட்டேன். அவங்க மக வீட்டுக்குப் போயிருக்காங்களாம். சனிக்கிழமைதான் வருவாங்களாம்."

"சனிக்கிழமையா?"

"நான் என்ன பண்ணட்டும் மாப்ளே, சொல்லு."

பிறகு கூப்பிடுவதாகச் சொல்லிக் கைபேசியை வைத்தான்.

ரிவ்யூ கருவியில் தன் நிரலின் பக்கத்தைத் திறந்தான். அக்காவின் அந்த இரண்டு வாக்கியத்துக்குக் கீழே பதில் எழுத ஒரு கட்டம் இருந்தது. அன்று எழுதாத பதில். "சரிக்கா. ஆறு விழுந்தா திரும்பப் போட்டுடறேன்," என்று தட்டி அனுப்பினான். பதில் போய்ச் சேர்ந்தது என்று காட்டியது.

திருத்தியது முப்பத்துநான்கில். ஆட்சேபம், துடைக்கிற வரிக்கு நேராக, நாற்பத்தொன்றிலேயே இருந்தது. பக்கத்தில் அவள் பெயர். அதற்குப் பக்கத்தில், இருபத்தாறு நாளாக இருந்த அதே சொல்: நீக்கப்படவில்லை.